நெல்லையில் ஒரு கருத்துக் கூட்டம்: அது யார் குரலில் பேசும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் ஒருநாள் கருத்துக் கூட்டம் நடத்தலாம் என்று கல்லூரி ஆசிரியர்கள், மாணவர்கள், நூலக வாசகர் வட்டத்துக்காரர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் மேடையேறி ஆளுக்குக் கால்மணி நேரம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், திட்டம் அவ்வளவுதான். மண்டபம், மைக், பணம் பற்றிக் கேட்கிறவர்களைவிட, "நம்ம ஊர்க் கூட்டமாக இருக்குமா, சென்னைக் கூட்டத்தை இங்கே கொண்டுவந்து வைப்பீர்களா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கான பதில்கள் இவை. குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், எழுதுகிறவனின் சாய்வு ஆங்காங்கே தெரியும்.

இது டெட்எக்ஸ்தானே? அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே?

இன்னும் முடிவாகவில்லை. என் ஓட்டு "வேண்டாம்" பக்கம்.

டெட் 1984இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மாநாடு. 2009இலிருந்து உலகத்தில் யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கித் தங்கள் ஊரில் டெட்எக்ஸ் நடத்தலாம் என்று வைத்தார்கள். உரிமத்துக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் விதிகள் உண்டு: ஒரு பேச்சு 18 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பேச்சாளருக்குச் சம்பளம் தரக் கூடாது, மேடையில் நின்று பொருள் விற்கவோ கட்சிப் பிரசாரம், மதப் பிரசாரம் செய்யவோ கூடாது, உரிமம் வாங்கியவர் டெட் மாநாட்டுக்குப் போய்வராதவர் என்றால் 100 பேருக்கு மேல் கூட்ட முடியாது. இதில் முக்கால்வாசி நல்ல விதிகள், உரிமம் வாங்காமலேயே நாமும் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இடிப்பது சம்பள விதி. பேராசிரியருக்கும் மென்பொருள் நிறுவன மேலாளருக்கும் ஒரு சனிக்கிழமை வந்து சும்மா பேசிவிட்டுப் போவது பெரிய காரியமில்லை, மாதச் சம்பளம் அதுபாட்டுக்கு வந்துவிடும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற அம்மாவுக்கோ உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவருக்கோ அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றையக் கூலி போச்சு, ஒத்திகைக்கு ஒருநாள் கூப்பிட்டால் அதுவும் போச்சு. அவர்களிடம் போய் "உலகமே பார்க்கும், ஆனால் பணம் தர மாட்டோம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்குப் பணம் தருகிறோம், யாருக்குத் தரவில்லை என்பதிலேயே கூட்டத்தின் முகம் பாதி தீர்மானமாகிவிடுகிறது. மேடையில் பேசுகிற எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைத்தால் பேராசிரியர் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளட்டும், அவர் விருப்பம்.

அப்படியானால் பெயர் என்ன வைப்பீர்கள்?

தாமிரபரணியின் பழைய பெயரான "பொருநை" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். அரசின் பொது நூலகத் துறை 2022இலிருந்து நடத்திய ஆற்றங்கரை இலக்கியத் திருவிழாக்களில் முதலாவதே பொருநை இலக்கியத் திருவிழாதான், அதனால் அந்தப் பெயரில் நாமும் இறங்கினால் ஜனங்களுக்குக் குழப்பம். "பொதிகை" என்றால் பழைய டிவி நினைவுக்கு வரும். ஊர்ப்பெயரையே வைத்துவிடுவது உத்தமம். அழகான சங்கச் சொல்லைத் தேடி ஒரு மாதம் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்வது நமக்குப் பழக்கமான விளையாட்டு, ஆனால் அந்த ஒரு மாதத்தில் நாலு நல்ல பேச்சாளரைப் பிடித்துவிடலாம்.

நெல்லை என்றால் எதுவரை? எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம், எங்களுக்கு இடமுண்டா?

தாராளமாக. தூத்துக்குடி பிரிந்தது 1986இல், தென்காசி பிரிந்தது 2019இல். ஆனால் பொதிகை மலையில் இறங்குகிற தாமிரபரணித் தண்ணீர் புன்னைக்காயலில் கடலில் சேருகிறவரைக்கும் எந்த மாவட்டம் என்று பார்த்து ஓடுவதில்லை, எட்டு அணைக்கட்டில் கடைசி அணை ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறது. கோவில்பட்டிக் கரிசல், திசையன்விளைத் தேரி, உவரிக் கடற்கரை, குற்றாலச் சாரல் எல்லாம் சேர்ந்ததுதான் "நம்ம பக்கம்". ஒரு எச்சரிக்கை மட்டும். பேச்சாளர் பட்டியல் போடும்போது பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்குள்ளேயே ஆளெடுத்து முடித்துவிடுகிற சௌகரியம் இருக்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர், பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். அந்தச் சௌகரியத்துக்கு இடம் கொடுத்தால் ஆறு முழுக்க ஹைகிரவுண்ட் தெருக்களுக்குள் சுருங்கிவிடும்.

தொடக்கத்தில் வில்லுப்பாட்டு உண்டுதானே?

தொடக்கத்தில் கிடையாது, நடுவில் உண்டு.

காரணம் சொல்கிறேன். வரவேற்புக்கு முன்னால் ஐந்து நிமிட வில்லுப்பாட்டு, ஜனங்கள் நாற்காலி தேடிக்கொண்டிருக்கிறபோது ஐந்து நிமிடக் கரகாட்டம், அப்புறம் "பாரம்பரியத்தைப் போற்றினோம்" என்று பத்திரிகைச் செய்தி. இப்படித்தான் எல்லா விழாவிலும் நடக்கிறது. கோவில் கொடைத் திருவிழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கதை சொல்கிற கலைஞரை, விருந்தாளி வருகிறவரை நேரம் போக்குகிற ஆளாக்கிவிடுகிறோம். கணியான் கூத்து இன்னும் சிக்கல், சுடலைமாடன் கொடையோடு பிறந்த சடங்கு அது. அதில் அடிக்கிற மகுடம் என்ற தோல்பறையை மட்டும் கழற்றி எடுத்துவந்து குளிர்சாதன அரங்கில் அடிக்கச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அந்தக் கலைஞர் வரட்டும், மகுடத்தை எப்படிக் காய்ச்சி வார்பிடிக்கிறார்கள், ஒரு கதையை ஆறு மணி நேரம் எப்படி மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பேசட்டும், பேச்சாளர்களில் ஒருவராக, அதே நேரத்தோடு, அதே பணத்தோடு.

வில்லுப்பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அமைப்பை. முன்னே பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், இடையில் மடக்கிக் கேட்பார், சந்தேகம் கிளப்புவார், கதை அதில்தான் நகரும். தனியாக வெளிச்சத்தில் நின்று பதினைந்து நிமிடம் பேசுவது எல்லோருக்கும் வராது. மீன்பிடிக்கிறவரையும் பாய் நெய்கிறவரையும் அப்படி நிறுத்தினால் மனப்பாடம் செய்த பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிதான் மிஞ்சும். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து "சரி, அப்புறம்?" என்று எடுத்துக்கொடுத்தால் அதே மனிதர் பிரமாதமாகப் பேசுவார். பாதிப் பேச்சுகளை இப்படி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், குழுவில் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை, "டிவி பேட்டி மாதிரி ஆகிவிடும்" என்கிறார்கள். எடுத்துக்கொடுக்கிறவர் தன்னைக் காட்டிக்கொள்ள ஆரம்பித்தால் ஆகத்தான் செய்யும், ஆளைப் பார்த்து வைக்க வேண்டும்.

தொகுப்பாளர் "ஏலே, வாங்கலே" என்று நெல்லைத் தமிழில் பேசுவாரா?

மாட்டார். தயவுசெய்து வேண்டாம்.

சினிமாவில் நெல்லைப் பேச்சு ஒன்று அரிவாளோடு வரும், இல்லையென்றால் சிரிப்புக்கு வரும். மேடையில் ஒருவர் அதை நடித்துக் காட்டும்போது நாம் நம்மையே வேடிக்கை பார்க்கிறோம். ஆனால் பேச்சாளர் இயல்பாக "அவிய சொன்னாவ", "அங்கன கெடந்துச்சு" என்று பேசினால் அதில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒத்திகையில் உச்சரிப்பைத் திருத்த வேண்டாம் என்று பயிற்சி கொடுக்கிறவர்களிடம் எழுதியே கொடுக்கலாம். திருத்த வேண்டியது வேறு இருக்கிறது: "மேடையிலே வீற்றிருக்கின்ற" என்று தொடங்கி ஆறு பேரை விளித்து முடிக்க நாலு நிமிடம் போகும், அதை வெட்டுங்கள். பதிவேற்றும்போது வீடியோவின் கீழே ஓடும் வரிகளை எழுத்துத் தமிழில் போடலாம், மதுரைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு உதவும்.

இன்னொன்று, விளிக்கும் முறை. ஆண் மருத்துவர் என்றால் "டாக்டர் அவர்கள்", பீடி சுற்றுகிற பெண் என்றால் "நம்ம அக்கா" என்று வாய் தானாகப் போகும். பாசம்தான், ஆனால் கீழே உட்கார்ந்து கேட்கிறவனுக்கு யார் பெரிய ஆள் என்பது விளங்கிவிடும். எல்லோருக்கும் பெயர், பெயருக்குப் பிறகு ஒரே "அவர்கள்". அண்ணாச்சி, ஆச்சி, எய்யா எல்லாம் டீ குடிக்கும்போது.

ஆங்கிலத்தில் பேசலாமா?

தமிழில் பேச முடிகிறவர் தமிழில் பேச வேண்டும். கலைச்சொல் அகராதி பார்த்துப் பேசச் சொல்லவில்லை, சென்சார், மோட்டார், டேட்டா என்றால் எல்லோருக்கும் புரியும். மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனையில் வேலை பார்த்தவர் காவல்கிணற்றுக் கடையில் அதை எப்படி விளக்குவாரோ அப்படியே மேடையிலும் விளக்கட்டும்.

யாரைப் பேச அழைப்பீர்கள்? அமெரிக்காவில் பெரிய வேலையில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், அதிலும் ஓரிருவர் வரட்டும். ஆனால் முழுப் பட்டியலும் அப்படி அமைந்தால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிற செய்தி ஒன்றுதான்: இந்த ஊரைவிட்டுப் போனால் இந்த ஊர் மேடையில் ஏறலாம்.

இங்கேயே இருந்து யோசிக்கிறவர்களைத் தேடுவது கஷ்டம், ஏனென்றால் அவர்கள் லிங்க்ட்இன்னில் இல்லை. கன்னடியன் கால்வாயில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் குறைந்த வருஷத்தில் மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் சண்டை வராமல் முறை வைத்துப் பிரித்துவிட்டவர் எங்கோ ஒரு சேரன்மகாதேவித் தெருவில் இருப்பார். பொதுச் சொத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் அவருக்குத் தெரிந்தது எந்த மேலாண்மை வகுப்பிலும் வராது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் வீட்டுக் கணக்கைப் பற்றிப் பேசினால் நான் முன்வரிசையில் உட்காருவேன். காருகுறிச்சியில் மண்பானை செய்கிறவர், கூந்தன்குளத்தில் பறவைகளோடு வாழ்கிற கிராமத்துக்காரர், காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுக்கிறவர். தேடினால் கிடைப்பார்கள், ஆனால் ஊருக்குள் நடந்து தேட வேண்டும், கூகுள் படிவம் போட்டுவிட்டு உட்கார்ந்தால் விண்ணப்பிக்கத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள்.

ஊக்கமூட்டும் பேச்சாளர்கள் வேண்டாம். இதற்கு மேல் விளக்கம் இல்லை.

ஆதிச்சநல்லூர், கொற்கை பெருமையைப் பேசாமல் நெல்லைக் கூட்டமா?

பேசத்தான் வேண்டும், ஆதாரத்தோடு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார், பிறகு அலெக்சாந்தர் ரீ வந்து வருஷக்கணக்கில் தாழிகளைத் தோண்டினார். சிவகளையில் தாழியில் கிடைத்த நெல்லைப் பரிசோதித்ததில் கி.மு. 1155 என்று காலம் வந்ததாக 2021இல் அரசு அறிவித்தது. இதெல்லாமே பெரிய விஷயம், மேலே கூட்டிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மேடை கிடைத்தால் 3,200 வருஷம் 20,000 வருஷமாகிவிடும், கடலுக்குள் போன கண்டம் வந்துவிடும், கைதட்டும் பலமாக இருக்கும். அதனால் தொல்லியல், மருத்துவம், வேளாண்மை மூன்றிலும் பேசுகிறவர் எந்த மாதிரியை, எந்த ஆய்வகம், எந்த அறிக்கையில் சொன்னது என்று முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத வரி பேச்சில் இருக்காது. கஷாயம் குடித்துச் சர்க்கரை நோய் போச்சு என்கிற பேச்சுக்கும் இதே விதி, சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

சாதி பற்றிப் பேச்சு வருமா? வந்தால் பிரச்சினை ஆகாதா?

மேடையில் பேச்சாக வருவதற்கு முன்னாலேயே அது மண்டபத்துக்குள் வந்துவிடும். யார் வரவேற்புக் குழு, யார் நன்றியுரை, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டே கணக்குப் போட்டுவிடுகிற ஊர் இது. அதை மறைத்து "நாங்கள் அறிவைப் பற்றி மட்டும் பேசுகிறோம்" என்றால் சிரிப்பார்கள்.

சில வேலைகளைச் செய்யலாம். அறிமுகத்தில் பெயரும் செய்கிற வேலையும் போதும், "இன்னாருடைய பேரன்", "பாரம்பரியமிக்க குடும்பம்" வேண்டாம். ஊர்ப்பெயரைச் சொல்வதா என்று பேச்சாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை நாடா ஒரே நிறமாக, ஒற்றை நிறமாக இருக்கட்டும். கேலியாகத் தோன்றலாம், ஆனால் கையில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிற பள்ளிக்கூடங்கள் இங்கே இருக்கின்றன, 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரை உடன் படித்தவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை அந்தக் கயிறுகளையே தடைசெய்யச் சொன்னது. இரண்டு நிறம் சேர்ந்த நாடாவை அச்சகத்துக்காரர் "பளிச்சென்று இருக்கும் சார்" என்று தருவார், வாங்கிவிடாதீர்கள்.

பேச்சாகவும் வர வேண்டும் என்பது என் கட்சி. பள்ளிக்கூடத்துக்குள் இதைக் குறைக்க ஏதாவது செய்துபார்த்த ஆசிரியர் ஒருவர் என்ன செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பேசினால் போதும்.

அரசியல்?

கட்சி வேண்டாம், ஓட்டுக் கேட்பது வேண்டாம். ஆனால் மாஞ்சோலையில் மூன்று தலைமுறை தேயிலை பறித்த குடும்பத்துப் பெண் மலையைவிட்டு இறங்கியதைப் பற்றிப் பேச வந்தால், "அது அரசியல்" என்று கதவைச் சாத்தக் கூடாது. 1999 ஜூலை 23இல் அந்தத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். இந்த ஆற்றங்கரையில் கூட்டம் நடத்திக்கொண்டு அதைச் சொல்லாதே என்பது எனக்குச் சரிப்படவில்லை. குழுவில் இது இன்னும் இழுபறியில் இருக்கிறது.

குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர்?

தமிழ்த்தாய் வாழ்த்து உண்டு, ஒலிநாடாவில் போடாமல் நாமே பாடுவோம், 55 வினாடிதான். எழுதிய மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில்தான் நம் பல்கலைக்கழகமே இருக்கிறது. அது முடிந்த அடுத்த நிமிடம் முதல் பேச்சு.

குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை நாலும் இல்லை. பெரியவர்கள் வருவார்கள், வரட்டும், எங்கே இடமிருக்கிறதோ அங்கே உட்காரட்டும். முன்வரிசையில் டர்க்கி டவல் போட்ட சோபாவை முதல்நாள் இரவே மண்டபத்திலிருந்து வெளியேற்றிவிடச் சொல்லியிருக்கிறேன், இருந்தால் யாராவது அதில் யாரையாவது உட்கார வைத்துவிடுவார்கள். கோவில் முதல் மரியாதைக்கே நீதிமன்றம் வரை போகிற ஊரில் நாமும் ஒரு மரியாதை வரிசையை உண்டாக்க வேண்டுமா?

பணம் கொடுப்பவர்கள் பெயரைப் போட வேண்டாமா?

போடலாம், வாசலிலும் அழைப்பிதழிலும். மேடைப் பின்னணியில் கூடாது. 1843இல் திறந்த ஆற்றுப்பாலத்துக்குச் சுலோசன முதலியார் தன் பணத்தைப் போட்டார், பெயர் பாலத்துக்கு இருக்கிறது, யார் தலைக்குப் பின்னாலும் தொங்கவில்லை. பீடிக் கம்பெனிப் பணம் கிடையாது. டெட்எக்ஸ் விதியும் புகையிலைப் பணத்தை ஏற்காது, 2003ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டமும் அந்த விளம்பரத்துக்கு இடம் தராது. பீடி சுற்றுகிறவர் பேசலாம், முதலாளி பேனர் கட்ட முடியாது.

சாப்பாடு? அல்வா உண்டா?

அல்வா வெளியூர்ப் பேச்சாளருக்கு ரயிலில் ஏறும்போது. உள்ளூர்க்காரனுக்கு அல்வாப் பொட்டலம் கொடுத்து நெல்லையை நினைவுபடுத்த வேண்டியதில்லை.

மதியம் சொதிச் சாப்பாடு என்று ஒரு கட்சி இருக்கிறது. கல்யாண மறுவீட்டில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது, ஆனால் அதை "நெல்லைச் சாப்பாடு" என்று அட்டையில் எழுதி மாட்டினால், மேலப்பாளையத்துக்காரரும் மணப்பாட்டுக்காரரும் எங்கள் வீட்டில் இது கிடையாதே என்பார்கள், நியாயம்தான். சொதி ஒரு வரிசை, மீன்குழம்பு ஒரு வரிசை. எதற்கும் பெயர்ப்பலகை வேண்டாம். இரண்டுக்கும் ஒரே கூடத்தில் ஒரே மாதிரி இலை, அது முக்கியம். சாயங்காலம் கருப்பட்டிக் காபியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும்.

மேடை எப்படி இருக்கும்?

கறுப்புத் திரை, தரையில் பத்தமடைப் பாய், உட்கார இரண்டு முக்காலி. நெல்லையப்பர் கோபுரம், ஈரடுக்குப் பாலம், அரிவாள், தேர் எதுவும் வெட்டி ஒட்ட வேண்டாம். பாய் நெய்தவர் பெயர் நிகழ்ச்சித் தாளில் வரும்.

பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் மேடையை நோக்கி மைக்கில் கேட்கிற ஏற்பாடு இல்லை. மைக்கைக் கொடுத்தால் நம் ஆட்கள் கேள்வி கேட்பதில்லை, இரண்டாவது உரை நிகழ்த்துகிறார்கள்.

இதற்கு ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து கம்பனைப் பாடிப் பேசிய கூட்டம், வட்டத்தொட்டி என்று பெயர். மேடை இல்லை, தலைவர் இல்லை, ஒரு வரியை ரசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். மூன்று பேச்சுக்கு ஒருமுறை அரைமணி நேர இடைவேளை விட்டு, மூன்று பேச்சாளரும் வெளியே மரத்தடியில் தனித்தனியாக உட்கார, யாருக்கு யாரிடம் பேச வேண்டுமோ அங்கே போய்ச் சுற்றி உட்காரட்டும். இந்த இடைவேளைகளுக்காகப் பேச்சுகளின் எண்ணிக்கையைப் பன்னிரண்டிலிருந்து ஒன்பதாகக் குறைக்கலாம் என்றால் நான் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.

காது கேளாதவர்களுக்கு ஏற்பாடு உண்டா?

உண்டு, சைகை மொழிபெயர்ப்பாளர் மேடையின் ஓரத்தில் முழு வெளிச்சத்தில் நிற்பார். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டிலேயே காது கேளாதோர் பள்ளி தொடங்கிய ஊர், இது இல்லாமல் நடத்தினால்தான் கேள்வி வர வேண்டும். அங்கே படித்தவர்களில் ஒருவரைப் பேச்சாளராகவும் கேட்க வேண்டும், அப்போது குரல் கொடுக்கிறவர் ஓரத்தில் நிற்பார்.

எப்போது நடக்கும், எத்தனை மணிக்கு முடியும்?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதும் ஆறு ஊருக்குள் வந்ததும் யாருக்கும் மறக்கவில்லை. ஆனித் தேரோட்டத்தில் போலீசும் கிடைக்காது, ஜனமும் வராது. சித்திரையில் கொடை, ஆவணியிலும் தையிலும் மண்டபமெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விடும், பங்குனியில் பரீட்சை. மாசியில் ஒரு சனிக்கிழமை என்பது இப்போதைய பேச்சு, கல்லூரித் தேர்வு அட்டவணை வந்ததும் உறுதியாகும்.

காலை பத்துக்கு ஆரம்பம், மாலை நாலரைக்கு முடிவு. சங்கரன்கோவிலுக்கும் திசையன்விளைக்கும் போக வேண்டியவர்கள் இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டும், விடுதி மாணவிகள் ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், இந்த இரண்டையும் கேட்டுத்தான் நேரம் வைத்தது. யாராவது பெரியவர் தாமதமாக வருகிறார் என்று ஆரம்பத்தைத் தள்ளிப்போட மாட்டோம்.